ட்ரோன் விட இடம் தேடுறீங்களா? மேல வானத்தையும் பாருங்க, கீழ நிலத்தையும் பாருங்க

சேலையூர்ல இருந்து ஒருத்தர் கேட்டிருக்கார். கேமரா வச்ச சின்ன ட்ரோன் ஒண்ணு வாங்கியிருக்காராம், 250 கிராமுக்கு உள்ளதான், கடையில பில் போட்டு வாங்கினது. மொட்டமாடியில ஏத்தலாம்னு பாத்தா பக்கத்து வீட்டுக்காரர் ஏர்ஃபோர்ஸ் இருக்கு, போலீஸ் வந்துரும்னு பயமுறுத்துறார், பீச்சுக்குப் போனா அங்க ரோந்து போலீஸ் எடுத்து உள்ள வைங்கன்னு சொல்லிட்டாங்க. "சும்மா ஞாயித்துக்கிழமை ஒரு அரை மணி நேரம் பறக்கவிடணும் சார், சட்டப்படி எங்கதான் விடுறது? துபாய்ல இருக்க என் மச்சான் அடுத்த மாசம் வர்றான், அவன்கிட்ட இன்னும் பெரிசா ஒண்ணு வாங்கிட்டு வரச் சொல்லலாமா?" இதான் கேள்வி.

முதல்ல பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது சரிதான். சேலையூர் தாம்பரம் விமானப்படை தளத்துக்கு ஒட்டியே இருக்கு, அதனால உங்க மொட்டமாடி ரெட் ஸோன், அங்க நாலடி உயரத்துக்குக்கூட ஏத்தாதீங்க. ரெட் ஸோன்ல பறக்கவிட மத்திய அரசு அனுமதி வேணும், பொழுதுபோக்குக்கு அதெல்லாம் நடக்காத காரியம். 250 கிராமுக்கு உள்ள இருந்தா எங்க வேணா விடலாம்னு நிறைய பேர் நினைச்சுட்டு இருக்காங்க, அது தப்பு. 2021 ஆகஸ்ட்ல வந்த ட்ரோன் விதிகள்ல 250 கிராம் வரைக்கும் நானோ, அதுக்கு மேல 2 கிலோ வரை மைக்ரோ. நானோவுக்கு பைலட் சர்டிபிகேட் வேண்டாம், டைப் சர்டிபிகேட், அதாவது அந்த மாடலுக்குக் கொடுக்குற தரச் சான்று, அதுவும் வேண்டாம், தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம் இல்ல. சலுகை அவ்வளவுதான். ரிஜிஸ்டர் பண்ணி யூஐஎன், அதாவது ட்ரோனுக்கான தனி அடையாள நம்பர் வாங்குறது நானோவுக்கும் உண்டு, ஃபீஸ் 100 ரூபாய்தான், அதை முதல்ல முடிச்சுருங்க. எந்த ஏரியாவுல விடலாம் விடக்கூடாதுங்கிற விதியும் நானோவுக்கும் அப்படியே பொருந்தும். மீறினா அந்த விதிகள்லயே 1 லட்சம் ரூபாய் வரைக்கும் அபராதம் போட இடம் இருக்கு.

இப்ப மேப்புக்கு வருவோம். டிஜிட்டல் ஸ்கைன்னு மத்திய அரசோட தளம் இருக்கு, அதுல 2021 செப்டம்பர்ல இந்தியா முழுக்க ஏர்ஸ்பேஸ் மேப் போட்டாங்க, பாக்குறதுக்கு லாகின்கூட வேண்டாம். பச்சை, மஞ்சள், சிவப்புன்னு மூணு கலர். விமான நிலையத்தோட எல்லையில இருந்து 5 கிலோமீட்டர் வரைக்கும் சிவப்பு. 5ல இருந்து 8 கிலோமீட்டர் வரை தரையில இருந்தே மஞ்சள், அதாவது அங்க இருக்க ஏர் டிராஃபிக் கன்ட்ரோல் அனுமதி இல்லாம ஏத்தவே கூடாது. 8ல இருந்து 12 கிலோமீட்டர் வரை 200 அடி, அதாவது 60 மீட்டர் வரைக்கும் பச்சை, அதுக்கு மேல போனா மஞ்சள். 12 தாண்டிட்டா, வேற தடை எதுவும் இல்லாத இடத்துல 400 அடி, 120 மீட்டர் வரைக்கும் யாருகிட்டயும் வான அனுமதி கேக்க வேண்டியதில்ல.

இதுல ரெண்டு விஷயத்துல ஆளுங்க மாட்டிக்கிறாங்க. ஒண்ணு, கூகுள் மேப்ல ஏர்போர்ட்டுன்னு போட்டு வர்ற புள்ளியில இருந்து தூரத்தை அளக்குறது. கணக்கு அந்தப் புள்ளியில இருந்து இல்ல, காம்பவுண்டு எல்லையில இருந்து. மீனம்பாக்கத்துல பெரிய ரன்வே மட்டுமே 3.6 கிலோமீட்டருக்கு மேல நீளம், அப்போ நீங்க அளந்த 12 கிலோமீட்டர் நிஜத்துல 9, 10தான் இருக்கும். அதனால நீங்களா அளக்கவே அளக்காதீங்க, டிஜிட்டல் ஸ்கை மேப்ல இடத்தை நல்லா ஜூம் பண்ணிப் பாருங்க. ட்ரோனோட ஆப்ல தெரியுற மேப்பும் இதுக்கு உதவாது, அது கம்பெனிக்காரன் அவனா போட்டு வச்சிருக்கது, நம்ம மத்திய அரசோட விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ மேப் கிடையாது. ஆப் கிளம்ப விட்டுச்சுங்கிறதுக்காக சட்டம் விட்டுச்சுன்னு அர்த்தம் இல்ல.

ரெண்டாவது உயரம். 200 அடி ஏரியாவுல நீங்க கவனமா 50 மீட்டர்லயே வச்சு ஓட்டுவீங்க, பேட்டரி குறைஞ்சதும் ட்ரோன் தானா வீட்டுக்குத் திரும்புற ரிட்டர்ன் டு ஹோம் ஆன் ஆகும், அந்த உயரம் சில ட்ரோன்ல 100 மீட்டர்னு செட் ஆகியே வருது, உடனே அது சர்ருன்னு 100 மீட்டருக்கு ஏறிட்டுத்தான் திரும்பும். நீங்க ஒண்ணுமே பண்ணாம மஞ்சள் ஸோனுக்குள்ள போயாச்சு. ஏத்துறதுக்கு முன்னாடி செட்டிங்ஸ்ல போய் அதைக் குறைங்க, மேக்சிமம் உயரத்தையும் பூட்டி வைங்க. அதே மாதிரி ஏலகிரி, ஏற்காடு மாதிரி மலையில இருந்து ஏத்துறவங்க கவனிக்கணும், ஆப் காட்டுற உயரம் நீங்க நிக்கிற இடத்துல இருந்து, சட்டம் சொல்றது ட்ரோனுக்கு நேர் கீழ இருக்க தரையில இருந்து. பாறை விளிம்பைத் தாண்டி வெளிய போன அந்த நொடியே ஆப்ல 30 மீட்டர்னு இருந்தாலும் நிஜத்துல நூத்துக்கணக்கான மீட்டர் உயரத்துல இருப்பீங்க.

சரி, பச்சை கண்டுபிடிச்சாச்சு, கிளம்பிடலாமான்னா கூடாது. முக்கியமா சொல்ல வந்ததே இங்கதான். அந்தப் பச்சை மேல இருக்க வானத்துக்கு மட்டும்தான் பேசும், கீழ இருக்க நிலம் யாருதுன்னு அது சொல்லாது. ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கார், தனியாராவும் இருக்கலாம், ஏதாவது ஒரு துறையாவும் இருக்கலாம், அவங்க வேண்டாம்னு சொன்னா நீங்க அங்க நின்னு ஏத்த முடியாது. தொல்லியல் துறை கைவசம் இருக்க மாமல்லபுரம், தஞ்சைப் பெரிய கோயில், கங்கைகொண்ட சோழபுரம் இங்கெல்லாம் அவங்க அனுமதி இல்லாம ட்ரோன் எடுக்கவே கூடாது. அறநிலையத்துறை கோயில்லயும் நிர்வாகத்தைக் கேக்காம ஏத்தாதீங்க. காட்டுக்குள்ள வனத்துறை. முதுமலை, ஆனைமலை மாதிரி இடத்துல ட்ரோன் விட்டா அது ட்ரோன் கேஸா மட்டும் நிக்காது, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல போகும், அதை லேசா எடுத்துக்காதீங்க.

உங்க ஊர்ல இருந்து எந்தப் பக்கம் போறதுன்னு பாப்போம். வடக்க போனா சிட்டி, ஒரு பக்கம் மீனம்பாக்கம் வட்டம், இன்னொரு பக்கம் தாம்பரம் வட்டம், ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குது. மெரினா, பெசன்ட் நகர் எல்லாம் ஏர்போர்ட் வட்டத்தோட ஓரத்துலயோ இல்ல கோட்டை, கடற்படைன்னு பாதுகாப்பு இடங்களுக்குப் பக்கத்துலயோதான் வருது, போதாக்குறைக்கு எப்பவும் ஜனக்கூட்டம், அந்த ஆசையையே விட்டுருங்க. கிழக்க ஈசிஆர் புடிச்சுப் போனா மாமல்லபுரத்துல தொல்லியல் துறை, அதைத் தாண்டினா கல்பாக்கம் அணுமின் நிலையம், அந்தப் பக்கம் ட்ரோன் பையோட போறதே வேண்டாம். மேற்க அரக்கோணம் போனா கடற்படையோட ராஜாளி விமானத்தளம். மிச்சம் இருக்கது தெக்கால, ஜிஎஸ்டி ரோட்டுல செங்கல்பட்டு தாண்டி மதுராந்தகம், அச்சிறுபாக்கம், உத்திரமேரூர் பக்கம். சென்னைக்காரங்களுக்கு நான் பொதுவா இந்தத் திசையைத்தான் சொல்லுவேன்.

ஆனா அங்கயும் ஒரு பள்ளம் இருக்கு. மதுராந்தகம் பக்கத்துலதான் வேடந்தாங்கல். சரணாலயம்னா அந்த ஏரி மட்டும்தான்னு எல்லாரும் நினைக்கிறாங்க, ஆனா ஏரியைச் சுத்தி 5 கிலோமீட்டர் வரைக்கும் சரணாலய எல்லை, அதுக்குள்ள கிராமம் இருக்கு, நெல் வயல் இருக்கு, பாத்தா சாதாரண ஊரு மாதிரிதான் தெரியும், ஒரு போர்டுகூட கண்ணுல படாது. பக்கத்துலயே கரிக்கிலி பறவைகள் சரணாலயமும் இருக்கு. கூடு கட்டி குஞ்சு வச்சிருக்க நேரத்துல ட்ரோன் சத்தம் கேட்டா நாரைங்க கூட்டமா எழுந்துரும், அந்த இடைவெளியில காக்கா முட்டையைத் தூக்கிரும், குஞ்சு கீழ விழுந்துரும். சட்டத்தை விடுங்க, அதுக்காகவாவது அந்த வட்டத்தை விட்டுத் தள்ளி நில்லுங்க.

எல்லாத்துலயும் நல்ல இடம் எதுன்னு கேட்டா தெரிஞ்சவங்களோட பட்டா நிலம்தான். சொந்தக்காரங்க, ஆபீஸ்ல கூட வேலை பாக்குறவங்க, பழைய க்ளாஸ்மேட் இவங்கள்ல யாருக்காவது அந்தப் பக்கம் நிலம் இருக்கும், கேட்டுப் பாருங்க. தை மாசம் அறுப்பு முடிஞ்சதுக்கு அப்புறம் வயல் காஞ்சு கட்டாந்தரையா கிடக்கும், ட்ரோன் கீழ விழுந்தாலும் சேதம் குறைவு, பயிரும் பாழாகாது. அப்படி யாரும் இல்லைன்னா ஊர் கிரவுண்டு, புறம்போக்கு, இதுக்கெல்லாம் ஊராட்சித் தலைவரையோ விஏஓவையோ பாத்து நேர்ல கேளுங்க. வத்திப்போன ஏரி பாக்க அருமையா இருக்கும், ஆனா அது நீர்வளத்துறையோடதாவோ ஊராட்சியோடதாவோ இருக்கும், அங்கயும் கேட்டுட்டுத்தான். இன்ஜினியரிங் காலேஜ் கிரவுண்டும் நல்ல வழி, ட்ரோன் கிளப் இருக்க காலேஜா பாத்து லெட்டர் எழுதிக் கேட்டா சில இடத்துல லீவு நாள்ல விடுவாங்க.

கிராமத்துல நின்னு ஏத்தும்போது கேமரா இருக்குங்கிறதை மறந்துராதீங்க. பம்ப்செட்ல குளிக்கிறவங்க இருப்பாங்க, வீட்டுப் பின்னாடி பொம்பளைங்க வேலையா இருப்பாங்க. அவங்க தலைக்கு மேல ஒரு கேமரா வந்து நின்னா எந்த ஊர்லயும் சண்டைதான் வரும், வர்றதும் நியாயம்தான். வீடுங்க பக்கம் போகாம வயல் பக்கமே வச்சுக்கங்க, சுத்தி வர்ற பசங்களுக்கு ஸ்கிரீனைக் காட்டுங்க, பெரியவங்க வந்து என்னப்பா இதுன்னு கேட்டா அதை இறக்கி வச்சுட்டு பதில் சொல்லுங்க. ஊரே உங்க பக்கம் நிக்கும்.

நேரம் காலைல ஆறரையில இருந்து எட்டு வரைக்கும், காத்து அடங்கி இருக்கும். ஆடி மாசத்துல நானோவை வெளிய எடுக்காம இருக்கது உத்தமம், அந்தக் காத்துல போகும்போது பஞ்சு மாதிரி பறந்து போகும், திரும்பி எதிர்க்காத்துல வரும்போது பேட்டரி பாதி வழியிலயே காலியாகும். கரண்டுக் கம்பியும் டவர் லைனும் எங்க போகுதுன்னு முதல்ல நடந்து பாத்துக்கங்க, ஸ்கிரீன்ல கம்பி தெரியாது. பருந்து வட்டம் போட ஆரம்பிச்சா இறக்கிருங்க. கண்ணுக்குத் தெரியுற தூரத்தைத் தாண்டி அனுப்பாதீங்க.

மேப்பை முந்தின நாள் பாத்தது போதாது, கிளம்புற அன்னைக்குக் காலைலயும் பாருங்க. அந்த மேப் அப்பப்ப மாறும், அதுபோக மாநில அரசோ போலீஸோ தற்காலிக ரெட் ஸோன் போட முடியும், ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரைக்கும். பிரதமர் வர்றார், பெரிய மாநாடு நடக்குதுன்னா போட்டுருவாங்க, பச்சையா இருந்த இடம் திடீர்னு சிவப்பாகும். அந்த வாரம் பேப்பர்லயும் போலீஸ் கமிஷனர், எஸ்பி அறிவிப்பு ஏதாவது வந்திருக்கான்னு பாத்துக்கங்க.

பையில யூஐஎன் காகிதம், ட்ரோன் பில், ஆதார் காப்பி, அன்னைக்குக் காலைல எடுத்த மேப் ஸ்கிரீன்ஷாட், நிலத்துக்காரர் போன் நம்பர் இவ்வளவும் வச்சுக்கங்க. போலீஸ் வந்தா முதல்ல ட்ரோனை இறக்குங்க, அப்புறம்தான் பேச்சு. "சார், இது கிரீன் ஸோன், இதோ மேப், இது இவர் நிலம், அவர் சொல்லித்தான் நிக்கிறேன்"னு அமைதியா காட்டுங்க. அதுக்கும் மேல அவர் வேண்டாம்னு சொன்னா அன்னைக்கு மூட்டையைக் கட்டிருங்க, ஸ்பாட்ல நின்னு சட்டம் பேசி ஜெயிச்சு என்ன ஆகப்போகுது. ஒரே இடத்துக்கு அடிக்கடி போறதா இருந்தா அந்த லிமிட் ஸ்டேஷன்ல ஒரு லெட்டர் கொடுத்து வைங்க, பச்சை ஸோன்ல அது கட்டாயம் இல்ல, ஆனா யாராவது போன் போட்டு புகார் சொன்னா ஆள் யாருன்னு அவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும்.

கடைசியா மச்சான் விஷயம். வாங்கிட்டு வரச் சொல்லாதீங்க. 2022 பிப்ரவரி 9ல இருந்து வெளிநாட்டு ட்ரோனை இறக்குமதி பண்றதுக்குத் தடை இருக்கு, முழுசாவும் கூடாது, பிரிச்சு பார்ட் பார்ட்டா செட்டா கொண்டு வந்தாலும் கூடாது. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்பு இதுக்கு மட்டும்தான் விலக்கு. ஏர்போர்ட்ல கஸ்டம்ஸ் எடுத்து வச்சுக்குவாங்க, மச்சான் லீவுல பாதி நாள் அதுக்கே அலையணும். பெரிசு வேணும்னா இங்கயே வாங்குங்க. 2 கிலோ வரைக்கும் மைக்ரோ, சொந்தப் பொழுதுபோக்குக்குன்னா அதுக்கும் பைலட் சர்டிபிகேட் வேண்டாம், ஆனா தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் எடுத்தாகணும். கல்யாண வீட்டுக்குக் காசு வாங்கிட்டு ஷூட் பண்ணப் போனீங்கன்னா அந்தச் சலுகை போயிரும், அப்போ 18 வயசு முடிஞ்சு பத்தாவது பாஸ் பண்ணியிருக்கணும், டிஜிசிஏ அங்கீகாரம் வாங்கின ட்ரெய்னிங் சென்டர்ல படிச்சு சர்டிபிகேட் எடுக்கணும். வாங்கும்போது கடைக்காரர்கிட்ட இந்த மாடலுக்கு டைப் சர்டிபிகேட் இருக்கா, யூஐஎன் என் பேர்ல போட்டுத் தருவீங்களான்னு கேளுங்க, இழுத்தார்னா அடுத்த கடைக்குப் போங்க. பில்லுல சீரியல் நம்பரையும் எழுதி வாங்கிக்கங்க.