சம்பளமில்லாத ராத்திரி வேலை

கேள்வி: மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற என் கணவர் இரண்டு வருடமாகத் தமிழ் விக்கிப்பீடியாவே கதி என்று கிடக்கிறார். ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் தட்டிக்கொண்டிருக்கிறார். போன வாரம் அவர் எழுதிய பத்தியை யாரோ நீக்கிவிட்டார்களாம், சாப்பாடே இறங்கவில்லை. பத்துப் பைசா வருமானமில்லாத வேலையில் அப்படி என்னதான் கிடைக்கிறது?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: அம்மா, பைசா கொடுத்திருந்தால் உங்கள் வீட்டுக்காரர் முதல் மாதமே கணக்குப் பார்த்து விட்டிருப்பார்!

எனக்கும் இந்த வியாதி வந்ததுதான். விக்கிப்பீடியாவில் எங்கள் ஊர் ஏரியின் பெயரில் ஒரு ஒற்று விட்டுப்போயிருந்தது. அதைப் போடத்தான் உள்ளே போனேன். கீழே பக்கத்து ஊரின் பெயர் சிவப்பு எழுத்தில் இருந்தது. சிவப்பென்றால் அதற்கு இன்னும் கட்டுரையே இல்லை என்று அர்த்தம். நான் சைக்கிள் பழகிய ஊர். எழுந்துபோக மனசு வருமா? முடித்தபோது மணி இரண்டு.

2007ல் ஓடட் நோவ் என்ற ஆய்வாளர் ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுதுகிறவர்களிடம் 'ஏன் எழுதுகிறீர்கள்' என்று கேட்டார். அறிவு எல்லாருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்ற கொள்கையும் வந்தது. ஆனால் முதலில் நின்றது, எழுதுவதில் இருக்கிற குஷி. கொள்கைப் பிடிப்பு அதிகமானவர்கள் அதிகம் எழுதினார்கள் என்றும் இல்லை. ஆகவே உங்களவர் 'தமிழ்த்தொண்டு' என்றால் பாதி நம்புங்கள்.

மீதிப் பாதி வேறு. 2012ல் வந்த ஓர் ஆய்வில், அங்கே நிறைய எழுதுகிற சிலருக்கு மட்டும் ஒரு பதக்கப் படத்தை அனுப்பிப் பார்த்தார்கள். வெறும் படம்தான். அடுத்த 90 நாளில் அவர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ 60 சதவீதம் அதிகம் எழுதினார்கள். ஆபீசில் முப்பது வருடம் 'சார், இது சரியா?' என்று கேட்கப்பட்ட மனிதர் உங்கள் கணவர். மாலை போட்டு அனுப்பிய மறுநாளிலிருந்து கேட்க ஆளில்லை. இப்போது கட்டுரையைப் பற்றி விவாதிக்கிற பேச்சுப் பக்கத்தில் முகம் தெரியாத யாரோ மின்மாற்றி பற்றிச் சந்தேகம் கேட்கிறார்கள். பத்தி போனால் வலிக்காதா? பெரும்பாலும் சான்று இல்லையென்றுதான் நீக்குவார்கள். சான்றோடு திரும்பப் போட்டால் நிற்க வாய்ப்பு அதிகம்.

பன்னிரண்டு மணி மட்டும் நியாயமான புகார். பத்து மணிக்கு மேல் கூடாதென்று கறாராகச் சொல்லுங்கள். ஆனால் அவர் எழுதியதில் ஒன்றையாவது நீங்கள் படித்திருக்கிறீர்களா? கடிதத்தில் அது இல்லை. இன்றைக்கு ஒன்றைத் திறந்து படியுங்கள். பிழை கண்ணில் பட்டால் அவரைக் கூப்பிடாதீர்கள். திருத்த, மேலே 'தொகு' என்று இருக்கும்.