பேட்டரி அளவு ஆற்றல் டி.என்.ஏ.வை உடைக்குமா?

கேள்வி: அப்பாவுக்கு வயிற்றில் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்றிரண்டு எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் உள்ள எலக்ட்ரான்கூட டி.என்.ஏ.வை உடைக்கும் என்று படித்தேன். டார்ச் பேட்டரியே 1.5 வோல்ட் ஆயிற்றே, அதைத் தொட்டாலே ஆபத்தா? ஸ்கேன் எடுக்கலாமா? முன்னதாக ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை கொடுத்தால் பாதுகாப்பா?

பதில்: நீங்கள் படித்தது உண்மைதான். ஓர் எலக்ட்ரான் ஒரு வோல்ட்டைக் கடக்கும்போது பெறும் ஆற்றல்தான் ஓர் எலக்ட்ரான் வோல்ட். ஆனால் பேட்டரியைப் பயமில்லாமல் தொடலாம். அதற்கான காரணத்தைப் புரிந்துகொண்டால் ஸ்கேன் பற்றிய பயமும் பெருமளவு தணியும்.

ஒரு மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் அளவு ஆற்றல் இருந்தால்தான் டி.என்.ஏ. இழை அறும் என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். 2000-இல் கனடாவின் ஷெர்புரூக் பல்கலைக்கழகத்தில் லியோன் சான்ஷ் குழுவினர் அதைச் சோதித்தார்கள். பிளாஸ்மிட் என்னும் வட்ட வடிவ டி.என்.ஏ.வை மெல்லிய படலமாகப் பரப்பி, வெற்றிடத்தில் வைத்து, 3 முதல் 20 எலக்ட்ரான் வோல்ட் வரையிலான எலக்ட்ரான்களை அதன்மேல் செலுத்தினார்கள்.

முறிவைக் கண்டுபிடிக்கும் விதம் அழகானது. சேதமில்லாத பிளாஸ்மிட், முறுக்கிய ரப்பர் பேண்டு போலச் சுருண்டிருக்கும். ஜெல்லில் வைத்து மின்சாரம் கொடுத்தால் வேகமாக ஓடும். ஓர் இழை அறுந்தால் முறுக்கு அவிழ்ந்து தளர்ந்த வட்டமாகிப் பின்தங்கும். இரண்டு இழையும் அறுந்தால் நீண்ட கயிறாகி இடையில் நிற்கும். சாயமேற்றிப் புற ஊதா விளக்கில் பார்த்தால் மூன்றும் தனித்தனிப் பட்டைகளாக ஒளிரும்; எந்தப் பட்டை எவ்வளவு பிரகாசம் என்று அளந்தால் போதும்.

ஆற்றல் கூடக்கூட முறிவும் சீராகக் கூடியிருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். சில குறிப்பிட்ட ஆற்றல்களில் மட்டும் முறிவு எகிறியது. 10 எலக்ட்ரான் வோல்ட் அருகே ஒரு பெரிய மேடு. 2004-இல் அதே குழு 0.8, 2.2 எலக்ட்ரான் வோல்ட் அருகிலும் ஒற்றை இழை முறிவுகளைக் கண்டது. சரியான ஆற்றலோடு வரும் எலக்ட்ரான், டி.என்.ஏ.வின் காரத்தில் (A, T, G, C என்று எழுதப்படும் பகுதிகளில் ஒன்று) ஒரு கணம் ஒட்டிக்கொள்கிறது. அங்கிருந்து சர்க்கரைக்கும் பாஸ்பேட்டுக்கும் நடுவே உள்ள கார்பன்–ஆக்சிஜன் பிணைப்புக்கு நகர்ந்து, அதைத் தளர்த்தி அறுத்துவிடுகிறது. சுத்தியலால் அடிப்பதைவிட, பொருந்துகிற சாவியால் திறப்பதற்கே இது நெருக்கம்.

சரி, பேட்டரிக்கு வருவோம். பேட்டரியின் உலோகத்தில் இருக்கும் எலக்ட்ரான் வெளியே தாவ 4 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் வேண்டும். உடலுக்குள் மின்னோட்டத்தைச் சுமப்பவை சோடியம், குளோரைடு போன்ற அயனிகள். தனி எலக்ட்ரான்கள் அல்ல. அப்படியே ஓர் எலக்ட்ரான் வந்தாலும், தண்ணீரில் சில பத்து நானோமீட்டருக்குள் ஆற்றலை இழந்து அடங்கிவிடும். தோலின் மேலிருக்கும் இறந்த செல் அடுக்கையே அது தாண்டாது.

ஸ்கேனில் நடப்பது வேறு. எக்ஸ்ரே உள்ளே புகுந்து ஒரு வேகமான எலக்ட்ரானைத் தட்டிவிடுகிறது. அது போகிற வழியெல்லாம் மெதுவான எலக்ட்ரான்களைத் தெறிக்க விடுகிறது. 10 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் திசுவில் இறங்கினால் சுமார் 50,000 எலக்ட்ரான்கள் பிறக்கும். பெரும்பாலானவை 20 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே. அவற்றில் சில, டி.என்.ஏ.வின் பக்கத்திலேயே பிறந்துவிடுகின்றன, அதுதான் சிக்கல்.

ஆனால் இந்தக் கண்டுபிடிப்பால் ஸ்கேனின் ஆபத்து புதிதாகக் கூடிவிடவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கதிர்வீச்சின் அபாயக் கணக்கு, ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர் தப்பியவர்களைப் போல உண்மையில் கதிர்வீச்சுக்கு ஆளான மனிதர்களைப் பல பத்தாண்டுகள் கவனித்துப் போட்டது. மெதுவான எலக்ட்ரான்கள் செய்த சேதமும் அதற்குள் அடக்கம். 2000-இல் தெரியவந்தது, சேதம் நடக்கும் வழிகளில் ஒன்று.

அளவையும் பாருங்கள். 1 கிரே (உடல் உள்வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு ஒரு செல்லில் ஏறக்குறைய 1,000 ஒற்றை இழை முறிவுகளையும் 20 முதல் 40 இரட்டை இழை முறிவுகளையும் உண்டாக்கும். வயிற்று சி.டி. பொதுவாக அதில் நூறில் ஒரு பங்கு. அதாவது செல்லுக்குப் பத்து ஒற்றை முறிவு. இரட்டை முறிவு சராசரியாக ஒன்றுக்கும் கீழே. ஸ்கேன் எதுவும் இல்லாமலே ஒவ்வொரு செல்லிலும் தினம் பல ஆயிரம் டி.என்.ஏ. சேதங்கள் ஏற்பட்டுப் பழுதுபார்க்கப்படுகின்றன. இரட்டை முறிவுதான் தப்பாக ஒட்டப்பட வாய்ப்புள்ளது, அதனால் அபாயம் பூஜ்யம் என்று சொல்ல மாட்டேன். சிறியது.

மாத்திரை வேண்டாம். இந்த எலக்ட்ரானின் ஆட்டம் ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். குறுக்கே போய் நிற்க மாத்திரையால் ஆகாது.

அப்பாவுக்கு முன்பு எடுத்த ஸ்கேன் படங்கள் இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். சில சமயம் புதிதாக எடுக்கவே தேவையிருக்காது. அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ போதுமா என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள், அவை இரண்டிலும் இந்த எலக்ட்ரான்கள் பிறப்பதில்லை. சி.டி.தான் வேண்டும் என்று அவர் சொன்னால், தள்ளிப்போடாமல் எடுத்துவிடுங்கள்.