மூன்றரை வயதில் ஃபோனிக்ஸ் வகுப்பு தேவையா?

கேள்வி: என் மகனுக்கு மூன்றரை வயது. வரும் ஜூனில் எல்.கே.ஜி. சேர்க்கிறோம். ஏ, பி, சி பாட்டாகச் சொல்ல வரும். எழுத்தைக் காட்டிக் கேட்டால் முழிக்கிறான். என் நாத்தனார் மகள் இதே வயதில் ஃபோனிக்ஸ் வகுப்புக்குப் போய் சின்னச் சின்ன வார்த்தைகளைப் படிக்கிறாள். எங்கள் வீட்டில் தமிழ்தான். நானும் தமிழ் மீடியம். வீட்டிலேயே சொல்லித்தர முடியுமா, வகுப்பில் சேர்க்கட்டுமா?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: வீட்டிலேயே முடியும். தமிழ் மீடியத்தில் படித்த அம்மாவால் நன்றாகவே முடியும். அதற்கு முன் ஒன்று: நாத்தனார் மகளோடு ஒப்பிடுவதை விட்டுவிடுங்கள். பிறந்தது முதல் ஆங்கிலமே கேட்டு வளரும் இங்கிலாந்துக் குழந்தைகளுக்கே பள்ளியில் முறையான ஃபோனிக்ஸ் பாடம் நான்கைந்து வயதில்தான் தொடங்குகிறது. 2012 முதல் அங்கே நடக்கும் சோதனையில் 40 வார்த்தைகளை வாசிக்கச் சொல்கிறார்கள். அதுவும் ஆறு வயதை ஒட்டித்தான். உங்கள் பையன் எதிலும் பின்தங்கவில்லை.

ஃபோனிக்ஸ் என்பது எழுத்தின் பெயரை விட்டுவிட்டு ஒலியைப் பிடித்துப் படிப்பது. பி, ஐ, என் (p, i, n) என்று எத்தனை வேகமாகச் சொன்னாலும் 'பின்' வராது. ப்-இ-ன் என்றால் வந்துவிடும். ஆனால் ஒரு வார்த்தைக்குள் தனித்தனி ஒலிகள் இருப்பது முதலில் குழந்தையின் காதுக்குப் பிடிபட வேண்டும். பிடிபடாத குழந்தையிடம் எழுத்து அட்டையைக் காட்டினால் அட்டையை மனப்பாடம் செய்யும், அவ்வளவுதான். ஆகவே இப்போதைக்கு வேலை காதுக்கு. அதைத் தமிழிலேயே செய்யலாம்.

காய் நறுக்கும்போது 'தக்-கா-ளி' என்று சேர்ந்து கை தட்டுங்கள். அது பழகியதும் முதல் ஒலி. 'ம்ம்ம்மீன், ம்ம்ம்முறுக்கு, வேற என்ன?' என்று கேளுங்கள். அவன் 'பூரி' என்றால் திருத்த வேண்டாம். 'ம்ம்ம்மாமா' என்று நீங்களே அடுத்ததைச் சொல்லுங்கள். அப்புறம் உடைத்துச் சொல்லும் விளையாட்டு. கால், பல், கண், மீன், பால் என்று தமிழில் சின்ன வார்த்தைகளுக்குக் குறைவே இல்லை. 'உன் க்-ஆ-ல் எங்கே?' என்று கேளுங்கள். முதலில் உங்கள் முகத்தையே பார்ப்பான். சில நாள் போனதும் காலைத் தூக்கிக் காட்டுவான். ஒலிகளைச் சேர்த்து வார்த்தையாக்க அவனுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். நாளைக்கு ஆங்கிலம் வாசிக்கும்போதும் இதே வேலைதான்.

உங்கள் தமிழ் மீடியம் கைகொடுக்கும் இடமும் இதுதான். ஃபோனிக்ஸ் சொல்லித்தரும் பலர் ஒலியோடு ஒரு 'உ'வைச் சேர்த்து பு, மு, டு என்கிறார்கள். பு-இ-னு என்று சேர்த்தால் குழந்தைக்கு எப்படி 'பின்' கிடைக்கும்? நமக்குப் புள்ளி வைத்த எழுத்தே இருக்கிறது. பள்ளியில் நாம் 'இப், இம்' என்று ஒப்பித்த பழக்கத்தில் முன்னால் வரும் 'இ'யை மட்டும் கழற்றிவிடுங்கள். உதட்டை மூடி வெறும் 'ம்'. உதட்டைச் சட்டென்று திறந்து, குரலே வராமல் 'ப்'.

தமிழில் 'ப' ஒன்றே இரண்டு ஒலிக்கும் வேலை செய்கிறது, ஆங்கிலத்தில் குழம்புவானே என்று தோன்றலாம். 'பம்பரம்' சொல்லிப் பாருங்கள். முதல் 'ப' வேறு, நடுவில் வருவது வேறு. இரண்டும் ஏற்கெனவே அவன் வாயில் இருக்கின்றன.

இந்த விளையாட்டெல்லாம் பிடிபட்ட பிறகு எழுத்துக்கு வரலாம். ஏ, பி, சி வரிசை வேண்டாம். ஜாலி ஃபோனிக்ஸ் என்ற பாடமுறையில் எஸ், ஏ, டி, ஐ, பி, என் (s, a, t, i, p, n) ஆகிய ஆறும்தான் முதலில் வரும். இந்த ஆறை வைத்தே சிட், டின், பின், டிப் என்று பல வார்த்தைகள் கோத்துவிடலாம். பெரிய எழுத்து வேண்டாம், புத்தகத்தில் அதிகம் வரும் சின்ன எழுத்தையே காட்டுங்கள். வாரத்துக்கு ஒன்றிரண்டு, தினம் பத்து நிமிடம், அவன் எழுந்து ஓடினால் அன்றைக்கு அது போதும். பென்சிலைத் திணிக்காதீர்கள், தட்டில் ரவையைப் பரப்பி விரலால் எழுதட்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புகிறானா? வெளி ஆட்களுக்கு அவன் பேச்சு பெரும்பாலும் புரிகிறதா? இல்லையென்றால் இந்த விளையாட்டுகளுக்கு முன்னால் காது பரிசோதனை செய்துவிடுங்கள். வகுப்பையெல்லாம்விட அதுதான் அவசரம்.

இதற்குப் பிறகும் வகுப்பில் சேர்க்க நினைத்தால், பணம் கட்டும் முன் ஒரு நாள் உள்ளே உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். மிஸ் 'ம்' என்கிறாரா, 'மு' என்கிறாரா? குழந்தைகள் வாய்விட்டு விளையாடுகிறார்களா, ஒர்க் ஷீட்டில் குனிந்தே இருக்கிறார்களா? உள்ளே விட மறுத்தால் வேறு இடம் பாருங்கள்.