ஆயுதத்திலிருந்து ஒத்துழையாமைக்கு: உலமாக்கள் ஏன் வழி மாற்றினார்கள்?

கேள்வி: விடுதலைப் போரில் உலமாக்களின் (இஸ்லாமிய மார்க்க அறிஞர்களின்) பங்கை 1857, கிலாஃபத் (முஸ்லிம்களின் தலைமைப் பதவியான துருக்கிக் கலீஃபா பதவியைக் காக்க எழுந்த இயக்கம்), பிரிவினை என மூன்று கட்டங்களாகப் பிரித்துப் போட்டித் தேர்வில் எழுதினால் போதுமா?

பதில்: போதாது. ஆயுதத்தை நம்பியவர்கள் காந்தியோடு கைகோத்தது ஏன் என்பதற்கான விடை 1915–16இல் இருக்கிறது. அதைத் தாண்டிக் குதித்தால் கிலாஃபத் திடீரென்று முளைத்ததுபோலத் தோன்றும்.

1866இல் தொடங்கிய தேவ்பந்த் தாருல் உலூம் என்ற மார்க்கக் கல்விக்கூடம் அரசு உதவியைத் தவிர்த்து, மக்கள் நன்கொடையில் நடந்தது. இதற்கு இரண்டு வரி போதும்.

வெளிநாட்டு உதவியோடு ஆங்கிலேயரை விரட்டத் திட்டமிட்ட பட்டுக் கடித இயக்கத்துக்கு அதிக இடம் கொடுங்கள். 1915இல் தேவ்பந்தின் மஹ்மூத் ஹசன் உஸ்மானியரின் (துருக்கிப் பேரரசின்) ஆதரவைத் தேடி, மக்கா, மதீனா இருக்கும் ஹிஜாஸ் பகுதிக்குப் போனார். அவர் மாணவர் உபைதுல்லாஹ் சிந்தி காபூலுக்குப் போனார். அந்த டிசம்பரில் அங்கு அமைந்த தற்காலிக இந்திய அரசில் மகேந்திர பிரதாப் குடியரசுத் தலைவர், பரகதுல்லாஹ் பிரதமர், சிந்தி உள்துறை அமைச்சர். 1916இல் பட்டுத் துணியில் எழுதிய கடிதங்கள் ஆங்கிலேயரிடம் சிக்கின. பலரும் காட்டிக்கொடுப்பைப் பற்றி மட்டுமே எழுதுகிறார்கள். ஆனால் திட்டமே பிறர் கையை நம்பியிருந்தது. ஆப்கன் அமீர் போரில் இறங்கவில்லை. மக்காவின் ஆட்சியாளரான ஷரீஃப் உஸ்மானியரை எதிர்த்துக் கிளம்பியதும் மஹ்மூத் ஹசன் பிடிபட்டு, 1920 வரை மால்டாவில் அடைபட்டார். உள்நாட்டில் திரண்டெழ மக்கள் அமைப்பும் இல்லை.

அந்தக் குறையைத்தான் 1919 நவம்பரில் உலமாக்களின் அமைப்பான ஜம்இய்யத் உலமாயே ஹிந்த் நிரப்பியது. அது உருவானது டெல்லியில். தேவ்பந்த் என்று எழுதி மதிப்பெண் இழக்காதீர்கள். ஃபத்வாவின் (மார்க்கத் தீர்ப்பின்) வேலையும் மாறியது: அதை வழங்கும் முஃப்தி ஒருவரிடம் கேட்டுப் பெறுவது, நூற்றுக்கணக்கானோர் கையொப்பமிட்ட ஒத்துழையாமை அறிக்கையானது. பட்டம், சட்டமன்றம், அரசு உதவி பெறும் பள்ளி எல்லாவற்றையும் துறக்கச் சொன்னது. ஆங்கிலேயப் படையில் பணிபுரிவது ஹராம் (மார்க்கம் தடுத்தது) என்ற தீர்மானத்துக்காக 1921 கராச்சி வழக்கில் தேவ்பந்த் அறிஞர் ஹுசைன் அஹ்மத் மதனியும் கிலாஃபத் தலைவர்களான அலி சகோதரர்களும் சிறை சென்றார்கள்.

1924இல் கலீஃபா பதவியையே துருக்கி ஒழித்த பிறகும் ஜம்இய்யத் ஒதுங்கவில்லை. 1930இல் அம்ரோஹா மாநாட்டில் சட்டமறுப்புக்கு ஆதரவளித்தது. இங்கே மார்க்கக் காரணத்தை விட இந்திய விடுதலையே முன்னுக்கு வருகிறது. 1938இல் மதனி முன்வைத்த ‘ஒன்றுபட்ட தேசியம்’ (எல்லா மதத்தவரும் சேர்ந்து ஒரே தேசம் என்ற கருத்து) அதன் தொடர்ச்சி.

‘உலமாக்கள்’ என்று ஒரே குரலாக எழுதுவதுதான் பெரிய பிழை. அஹ்மத் ரஸா கான் பரேல்வி ஒத்துழையாமையை எதிர்த்தார். தேவ்பந்திலேயே அஷ்ரஃப் அலி தானவி விலகி நின்றார். ஷப்பீர் அஹ்மத் உஸ்மானி 1945இல் முஸ்லிம் லீகை ஆதரித்த ஜம்இய்யத் உலமாயே இஸ்லாமுக்குத் தலைவரானார்.