பங்கு பிரிக்கும் அத்தியாயம்

அன்புள்ள ஐயா,

வங்கிக் கொள்ளையை வைத்து ஒரு த்ரில்லர் நாவல் எழுதுகிறேன். கொள்ளையடித்த அன்றே கூட்டாளிகள் நாயகனைச் சுட்டுவிட்டு, பல கோடி ரூபாயோடு பைக்கில் பறந்துவிடுகிறார்கள். பிழைத்தவன் ஐந்து வருடம் கழித்து வந்து ஒவ்வொருவராகக் கொல்கிறான். நடுவில் தொய்கிறது என்கிறார்கள் நண்பர்கள். முதல் கொலையை முதல் அத்தியாயத்துக்கே கொண்டுவரலாமா? துப்பாக்கிகளை இன்னும் விரிவாக எழுதவா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

துப்பாக்கியை விடுங்கள். ‘பல கோடி’ என்றால் எத்தனை? ஒரு கோடி என்பது 500 ரூபாய் நோட்டில் 200 கட்டு, 20 கிலோவுக்கு மேல். ஐந்து கோடி என்றால் ஒரு குவிண்டாலைத் தாண்டும். அதை பைக்கில் ஏற்றுகிறீர்கள்! தொகையும் தெரியாது, தலைக்கு எவ்வளவு என்றும் தெரியாது. பிறகு அவன் எதற்காகப் பழிவாங்குகிறான்?

கொஞ்ச நாளாக அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், பணத்தைப் பாதுகாத்து ஏற்றிச்செல்லும் பிரிங்க்ஸ் நிறுவனத்தில் நடந்த கொள்ளையைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். 1950 ஜனவரி 17. பதினொரு பேர், 12 லட்சம் டாலருக்கு மேல் ரொக்கம், ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. ஆறு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தால் வழக்குப் போடும் காலவரம்பு முடிந்துவிடும்.

கும்பலில் ஒருவர் ஓகீஃப். அவர் பங்கு ஒரு லட்சம் டாலர். பெட்டியைத் திறந்து எண்ணினால் 98,000. அந்த 2,000 குறைந்ததை நன்றாகக் கவனியுங்கள், கசப்பு அங்கேயே தொடங்குகிறது. வைத்துக்கொள்ள இடமில்லாமல் 5,000 மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை முழுசாக நம்பிய மாஃபி என்ற கூட்டாளியிடம் கொடுத்தார். அந்த ஜூனில் பென்சில்வேனியாவில் வேறு வழக்கில் மாட்டி உள்ளே போனார். அந்த 93,000 டாலர் அவர் கைக்குத் திரும்பவே இல்லை. மாஃபி சொன்ன கணக்கு: கொஞ்சம் ஒளித்த இடத்திலிருந்து திருட்டுப் போய்விட்டது, மீதி உன் வழக்குச் செலவுக்கே சரியாகிவிட்டது.

இதைவிட நல்ல துரோகத்தை உங்களால் கற்பனை செய்ய முடியுமா? முதுகில் சுடுவது எந்த முட்டாளுக்கும் வரும். இங்கே துரோகம் செலவுக் கணக்காக வருகிறது. ஓகீஃப் வழக்கு நடத்தியது நிஜம், வக்கீலுக்குப் பணம் வேண்டும் என்பதும் நிஜம். முழுப் பொய் என்று தூக்கியெறியவும் முடியாது, நம்பவும் முடியாது.

பிறகு நடந்தது சுருக்கம்தான். கோஸ்டா என்ற கூட்டாளியைக் கடத்திப் பணம் கேட்டார். 1954 ஜூனில், கும்பல் ஏவியதாகச் சொல்லப்படும் கூலிக் கொலையாளி எந்திரத் துப்பாக்கியால் சுட்டும் ஓகீஃப் காயத்தோடு தப்பினார். 1956 ஜனவரி 6 அன்று எஃப்.பி.ஐ.யிடம் எல்லாவற்றையும் சொன்னார். காலவரம்பு முடிய 11 நாள்தான் இருந்தது. எட்டுப் பேருக்கு ஆயுள் தண்டனை. ஓகீஃப் யாரையும் கொல்லவில்லை.

உங்களுக்கு எழுத வருகிறது, அதனால்தான் இவ்வளவு திட்டுகிறேன். நடுப்பகுதி தொய்வது கொலை குறைவதால் இல்லை. உங்கள் ஆள் யாரிடமும் எதையும் கேட்பதே இல்லை. முதல் கூட்டாளி வீட்டுக்குப் போனதும் உட்கார்ந்து கணக்குக் கேட்கட்டும். எதிரில் இருப்பவன் வரி வரியாகச் சொல்லட்டும்: வக்கீல் ஃபீஸ் இவ்வளவு, உன் அம்மா ஆஸ்பத்திரிக்கு இவ்வளவு, ரகசியமாக உனக்கு வைத்தியம் பார்த்த டாக்டருக்கு இவ்வளவு. பாதி உண்மையாக இருக்க வேண்டும். எந்தப் பாதி என்று அவனுக்கும் தெரியக்கூடாது, படிக்கிறவருக்கும் தெரியக்கூடாது. அந்த அத்தியாயத்தை எழுதி அனுப்புங்கள், படிக்கிறேன்.