ஆட்டோகேடில் ஃபைல் திறக்கும் டயலாக் பாக்ஸ் காணாமல் போனால்

கேள்வி: கட்டட வரைபட அலுவலகத்தில் டிராஃப்ட்ஸ்மேனாக இருக்கிறேன். ஆட்டோகேட் என்ற வரைபட சாஃப்ட்வேரில் 40 டிராயிங்குகளில் ஒரே லேயரை (கோடுகளைப் பிரித்து வைக்கும் அடுக்கு) சேர்த்து, பயன்படாததை பர்ஜ் செய்ய, அதாவது நீக்க, ஒரு ஸ்கிரிப்ட் ஃபைலை (கமாண்டுகளை வரிசையாக எழுதி வைத்தது) இணையத்திலிருந்து எடுத்து, கொஞ்சம் மாற்றி ஓடவிட்டேன். பர்ஜ் வரும் இடத்தில் அதன் டயலாக் பாக்ஸ் திறந்து அப்படியே நின்றுவிட்டது. எஸ்கேப் அடித்து வெளியே வந்தேன். அன்றிலிருந்து ஓபன் கொடுத்தால் ஃபைல் தேடும் விண்டோ வருவதில்லை. கீழே கமாண்ட் லைனில், அதாவது கமாண்டுகளைத் தட்டும் வரியில், ஃபைல் பெயர் கேட்கிறது. ரீஸ்டார்ட் செய்தும் அதே கதை. சாஃப்ட்வேரை மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டுமா?

பதில்: வேண்டாம், கமாண்ட் லைனில் ஃபைல்டியா என்று தட்டி என்டர் கொடுங்கள். ஃபைல் விண்டோ வர வேண்டுமா என்பதைச் சொல்லும் அமைப்பு அது. 0 என்று காட்டும். 1 கொடுத்து என்டர் அடித்தால் பழையபடி விண்டோ வந்துவிடும். (கமாண்டுகளை இங்கே ஒலிப்படி எழுதுகிறேன், தட்டுவது ஆங்கில எழுத்தில்தான். ஃபைல் என்பதோடு டி, ஐ, ஏ சேர்த்து ஒரே சொல்.)

உங்கள் இரண்டு தொல்லைக்கும் வேர் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். இப்படிப்பட்ட ஸ்கிரிப்டுகள் பெரும்பாலும் முதல் வரியில் ஃபைல்டியாவை 0 ஆக்கிவிட்டு, கடைசி வரியில் 1 ஆக்கும். உங்களுடையது நடுவில், பர்ஜில் மாட்டிக்கொண்டது. கடைசி வரி ஓடவே இல்லை. இந்த மதிப்பு டிராயிங்கில் அல்ல, கம்ப்யூட்டரின் ரெஜிஸ்ட்ரியில் (அமைப்புகளை விண்டோஸ் நிரந்தரமாக வைத்திருக்கும் இடம்) சேமிக்கப்படுகிறது. அதனால்தான் ரீஸ்டார்ட் பலிக்கவில்லை. நானும் ஒருமுறை இதே மாதிரி 0-வில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய், மறுநாள் அந்த சிஸ்டத்தில் உட்கார்ந்தவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். இன்னொன்று: 0-வில் இருக்கும்போதும், பெயர் கேட்கும் இடத்தில் ~ குறியைத் தட்டினால் அந்த ஒரு முறைக்கு விண்டோ வரும்.

சரி, பர்ஜ் ஏன் நின்றது? டயலாக் பாக்ஸ் ஒரு கிளிக்குக்காகக் காத்திருக்கும். ஸ்கிரிப்டுக்குக் கிளிக் செய்யத் தெரியாது. கமாண்டுக்கு முன்னால் ஒரு சிறு கோடு, அதாவது ஹைஃபன் போட்டால் அதே வேலை கேள்வி-பதிலாகக் கமாண்ட் லைனிலேயே நடக்கும். -பர்ஜ் என்று கொடுங்கள். எந்த வகை என்று கேட்கும்: ஏ, அதாவது எல்லாம். எந்தப் பெயர் என்று கேட்கும்: *. ஒவ்வொன்றையும் உறுதி செய்யவா என்று கேட்கும்: என், அதாவது வேண்டாம். ஸ்கிரிப்டில் இந்த நான்கும் ஒரே வரி. ஒன்றுக்குள் ஒன்றாக பிளாக்குகள் (பல கோடுகளை ஒன்றாகக் கட்டிப் பெயரிட்டவை) இருந்தால் ஒரே ஓட்டத்தில் எல்லாம் போகாமல் இருக்கலாம். அதே வரியை இரண்டு மூன்று முறை எழுதிவிடுங்கள்.

லேயர் வரியில்தான் பலரும் வழுக்குகிறார்கள். டோர் என்ற லேயரை சிவப்பில் உருவாக்க:

-லேயர் எம் டோர் சி 1

எம் என்றால் உருவாக்கு, சி என்றால் நிறம், 1 என்றால் சிவப்பு. இதற்குக் கீழே இரண்டு காலி வரிகள் வேண்டும். ஸ்கிரிப்டில் ஸ்பேஸும் என்டர், வரி முடிவும் என்டர். 1-க்குப் பிறகு 'இந்த நிறம் எந்த லேயருக்கு' என்று கேட்கும். முதல் காலி வரி அதற்கு, டோருக்கே என்று. இரண்டாவது, லேயர் கமாண்டை விட்டு வெளியேற. ஒன்றுதான் இருந்தால், அடுத்து வரும் -பர்ஜையும் லேயர் கமாண்டின் ஆப்ஷன் என்று எடுத்துக்கொண்டு திட்டும். மூன்று இருந்தால் லேயர் கமாண்ட் மறுபடி தொடங்கிவிடும். கண்ணுக்கே தெரியாத ஒரு ஸ்பேஸ் வரிக் கடைசியில் ஒட்டியிருந்தாலும் இதே கூத்துதான். ஃபோல்டர் பெயரில் இடைவெளி இருந்தால் முழுப் பாதையையும் இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள்.

எல்லாவற்றையும் தட்டச்சு செய்தால்தான் கெத்து என்று சில சீனியர்கள் சொல்வார்கள். 1982 டிசம்பரில் ஆட்டோகேட் வந்தபோது டயலாக் பாக்ஸே கிடையாது. 1987-ல் ரிலீஸ் 9-இல்தான் வந்தது. அந்தக் காலத்துப் பழக்கம் இன்னும் கையில் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. டைமென்ஷன் ஸ்டைலை, அதாவது வரைபடத்தில் அளவுகள் தெரியும் விதத்தை, அமைக்கும்போது அம்பு, எழுத்து, இடைவெளி என்று டஜன் கணக்கில் விஷயங்களைப் பார்த்துப் பார்த்து மாற்ற வேண்டும். அங்கே டயலாக் பாக்ஸ்தான் சரி. என் கணக்கு எளிது: கண்ணால் பார்த்து முடிவெடுக்க வேண்டியதற்கு டயலாக் பாக்ஸ், முடிவெடுத்ததைத் திரும்பத் திரும்பச் செய்ய ஹைஃபன்.

40 டிராயிங்குகளையும் முதலில் வேறு ஃபோல்டருக்கு காப்பி எடுங்கள். அப்புறம் ஒரே ஒரு டிராயிங்கில் ஸ்கிரிப்டை ஓட்டி, எஃப்2 அழுத்தி, எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் போயிருக்கிறது என்று வரி வரியாகப் பாருங்கள்.