தோள் விட்டது, ஆள் விடவில்லை

கேள்வி: அமெரிக்க பேஸ்பாலில் மார்க் ப்ரையர் என்று ஒரு பிட்சர், அதாவது பந்து எறிபவர். 22 வயதில் உச்சத்துக்குப் போனவர், 25 வயதில் காயம் என்று சொல்லி மூட்டை கட்டிவிட்டாராம். மில்லியன் கணக்கில் வாங்கிக்கொண்டு, கொஞ்சம் வலித்ததும் கிளம்பிவிடுவது என்ன நியாயம்? நம் வேகப்பந்து வீச்சாளர்கள் வலியோடு ஆடவில்லையா? இந்தத் தலைமுறைக்கு மன உறுதி இல்லை என்பதைத் தவிர இதில் வேறென்ன இருக்கிறது?
— வாசகர், காரைக்குடி

பதில்: 25 வயதில் மூட்டை கட்டினார் என்று யார் சொன்னது? 2006 ஆகஸ்ட் 10ஆம் தேதி சிகாகோ கப்ஸ் அணிக்காக, அங்கே உச்சப் போட்டியான மேஜர் லீக் ஆட்டம் ஒன்றில் பந்து எறிந்தார். அதுதான் கடைசி என்று அன்றைக்கு அவருக்கே தெரியாது. ஓய்வை அறிவித்தது 2013 டிசம்பரில். அப்போது வயது 33. நடுவில் ஏழு வருடம் இருக்கிறது. உங்கள் கேள்வி அதை அப்படியே முழுங்கிவிட்டது.

அந்த ஏழு வருடத்தில் என்ன செய்தார் தெரியுமா? 2007இல் வலது தோளில் அறுவை சிகிச்சை. அந்த வருடம் முழுக்க வீண். கப்ஸ் கைவிட்டது. சொந்த ஊரான சான் டியாகோ அணி கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டது. 2008இல் அதே தோளில் மறுபடி கத்தி. அந்த அணிக்காக ஒரே ஒரு மேஜர் லீக் ஆட்டம்கூட ஆடாமல் வெளியே வந்தார். 2010இல், எந்தப் பெரிய அணியோடும் சம்பந்தமில்லாத ஒரு குட்டி லீக்கில் ஆரஞ்சு கவுண்டி அணிக்கு எறிந்தார். அப்புறம் டெக்சஸ், யாங்கீஸ், பாஸ்டன், சின்சினாட்டி என்று ஒவ்வொரு நிர்வாகத்தின் மைனர் லீக் அணியாக, அதாவது கீழ்மட்ட அணியாக, வாசல் ஏறி இறங்கினார். 2001இல் 10.5 மில்லியன் டாலருக்குக் கையெழுத்துப் போட்ட ஆள் இவர். பணம்தான் குறி என்றால் முதல் அறுவை சிகிச்சையோடு வீட்டில் உட்கார்ந்திருக்கலாமே!

சரி, அந்தத் தோள் எப்படிப் போனது? 2003க்குப் போக வேண்டும். அந்த வருடம் ப்ரையர் கணக்கில் 18 வெற்றி, 6 தோல்வி, 245 ஸ்ட்ரைக் அவுட் (மட்டைக்காரரை மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றுவது). ஜூலையில் ஓடும்போது எதிரணி வீரர் மார்கஸ் ஜைல்ஸ் மீது மோதி, எறிகிற தோள் தரையில் அடிபட விழுந்தார். சில வாரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பியவர், அதன் பிறகு மட்டும் 10 ஆட்டங்களை ஜெயித்தார். 1908க்குப் பிறகு கோப்பையைத் தொடாத அணி; ஊரே பைத்தியம் பிடித்து நின்றது. செப்டம்பரில் ஓர் ஆட்டத்துக்கு 120 பந்து, 130 பந்து என்று எறியவிட்டார்கள். இன்றைக்கு 100 பந்தை நெருங்கினாலே பயிற்சியாளர் எழுந்து நடக்கத் தொடங்கிவிடுவார். அக்டோபர் 14 அன்று, இன்னும் ஐந்து அவுட் எடுத்தால் உலகத் தொடர் என்கிற இறுதிச் சுற்றுக்குள் நுழையலாம் என்ற நிலையில், எட்டாவது இன்னிங்ஸில் எட்டு ரன் கொடுத்துக் கப்ஸ் கவிழ்ந்தது. அது தொடங்கும்போதும் மவுண்டில், அதாவது பந்து எறியும் மேட்டில், நின்றது இதே பையன்தான். வலிக்கிறது என்று அவர் இறங்கிப் போனதாக எங்கும் இல்லை.

2005இல் இன்னொன்று. பிராட் ஹாப் அடித்த பந்து நேராக வந்து வலது முழங்கையில் இடித்து எலும்பு முறிந்தது. ஒரு மாதத்தில் திரும்பி வந்து எறிந்தார். இதற்குப் பெயர் மன உறுதிக் குறைவு என்றால், எனக்கும் கொஞ்சம் அந்த வியாதி வரட்டும்.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. 2003இல் அவர் எறியும் முறையைப் பார்த்து, இதில் குறையே இல்லை, இந்தக் கை உடையாது என்றார்கள் நிபுணர்கள். உடைந்த பிறகு அதே வீச்சின் படங்களை வைத்துக்கொண்டு, முழங்கை இங்கே உயருகிறது, அதுதான் கோளாறு என்று பாடம் நடத்தினார்கள். செத்த பிறகு ஜாதகம் பார்க்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

நம் வேகப்பந்து வீச்சாளர்களைக் கேட்டீர்கள். கிரிக்கெட்டில் பந்தை விடும்போது முழங்கையை மடக்கி நீட்டக் கூடாது; பாரம் இடுப்புக்கும் கீழ்முதுகுக்கும் போகிறது. பும்ராவுக்கு முதுகெலும்பில் விரிசல் விழுந்தது அப்படித்தான். அறுவை சிகிச்சை செய்துகொண்டு 2023இல் திரும்பினார். எலும்பு கூடும். பேஸ்பாலில் கையை மடக்கி, பின்னால் முறுக்கி, சாட்டை மாதிரி சொடுக்குகிறார்கள். தோள் அந்த நொடியில் சுழலும் வேகம் விநாடிக்கு சுமார் 7,000 டிகிரி. பாரம் முழுக்கத் தோளையும் முழங்கையையும் கட்டிப் பிடித்திருக்கும் நாரில். பயிற்சி செய்தால் தசை பெருக்கும். நார் அதற்கு ஈடு கொடுத்து வளராது. எறிகிறவன் பலசாலி ஆக ஆக நாரின் பாடு திண்டாட்டம்தான்.

'இந்தத் தலைமுறை' என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தலைமுறையையும் பார்த்துவிடுவோம். சாண்டி கோஃபாக்ஸ், லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணி, இடது கை பிட்சர். ஆட்டத்துக்கு முன்னால் மிளகாய்க் காரம் சேர்த்த தைலத்தை முழங்கையில் தேய்ப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் அதே கையை ஐஸ் தண்ணீரில் முக்குவார். நடுவில் ஊசி, மாத்திரை. மூட்டுவாதத்தில் கை வளைந்துபோய், கோட்டின் இடது கையைத் தையல்காரரிடம் கொடுத்துச் சுருக்கிக்கொண்டார் என்பார்கள். 1966இல் 27 ஆட்டங்களை ஜெயித்துவிட்டு, அந்த நவம்பரிலேயே நிறுத்திக்கொண்டார். வயது 30. இன்னும் நிறைய வருடம் வாழ வேண்டியிருக்கிறது, முழு உடம்போடு வாழ ஆசைப்படுகிறேன் என்றார். அவரை யாரும் கோழை என்று சொல்லவில்லை. 36 வயதில் பேஸ்பால் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள். இவ்வளவு இளம் வயதில் அங்கே நுழைந்த வீரர் வேறு யாரும் இல்லை.

எட்டு வருடம் கழித்து, 1974இல், அதே டாட்ஜர்ஸின் பிட்சர் டாமி ஜானுக்கு இடது முழங்கை நார் அறுந்தது. டாக்டர் ஃபிராங்க் ஜோப், வலது கையிலிருந்து ஒரு நாரை எடுத்து இடது முழங்கையில் கோத்துத் தைத்தார். ஜான் 1989 வரை ஆடி இன்னும் 164 ஆட்டம் ஜெயித்தார். அவருக்கு வாய்த்தது ஒரு டாக்டர், ஒரு புது வைத்தியம். தோளுக்கு அந்த மாதிரி நம்பகமான வைத்தியம் இன்றுவரை வரவில்லை. ப்ரையருக்குப் போனது தோள்.

பொத்திப் பொத்தி வைத்தாலாவது தப்பிக்குமா என்றால், அதுவும் இல்லை. ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க் என்ற பிட்சரை 2012இல் வாஷிங்டன் அணி, உடம்பில் ஒரு குறையும் இல்லாதபோதே, பிளே ஆஃப் வருகிற நேரத்தில் உட்கார வைத்தது. 2019இல் உலகத் தொடரின் சிறந்த வீரர் ஆனார். 245 மில்லியன் டாலர் ஒப்பந்தம். அதன் பிறகு எட்டே ஆட்டம். 2024இல் ஓய்வு.

ப்ரையர் இப்போது எங்கே என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 2020 முதல் டாட்ஜர்ஸின் பிட்சிங் பயிற்சியாளர். 2024இல் அவர் கையில் இருந்த பையன்களில் பாதிப் பேர் தோள், முழங்கை என்று வரிசையாக விழுந்தார்கள். மிச்சம் இருந்தவர்களை வைத்து, யாருக்கு எத்தனை பந்து என்று கணக்குப் பார்த்துப் பார்த்து எறியவைத்துக் கோப்பையை எடுத்தார்கள்.

உங்கள் கடிதத்தைத் திருப்பி அனுப்புகிறேன். 25 என்று இருக்கும் இடத்தில் 33 என்று திருத்திவிட்டு, கேட்பதற்கு மிச்சம் ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.